ஓடுற கேமா, நல்ல கேமா? பாண்டி, கடலூர் பசங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்துல இருந்து பாண்டி லாஸ்பேட்டை வரைக்கும் கேம் ஆடுற பசங்களும் அவங்க வீட்டுக்காரங்களும் என்கிட்ட சுத்திச் சுத்தி கேக்குறது ஒரே விஷயம்தான். எல்லாரும் ஆடுறது நல்ல கேமா, இல்ல நல்ல கேம் வேற எங்கயோ இருக்கா? வாட்ஸப்ல ஆளாளுக்கு பதில் போடுறதுக்கு பதிலா மொத்தமா இங்க எழுதி வெச்சிடுறேன்.

அண்ணா, கோடிக்கணக்குல ஆடுறாங்கன்னா நல்லா இருக்கப்போய்தானே ஆடுறாங்க?

அப்படி நேரா முடிச்சு போட முடியாது தம்பி. கூட்டம் சேர்றதுக்கு தரமும் ஒரு காரணம், ஆனா அது மட்டுமே காரணம் கிடையாது. நம்ம ஏரியாவுல ஃப்ரீ ஃபயர் ஏன் அந்த அளவுக்கு பரவுச்சுன்னு யோசிச்சு பாரு. 2017ல வந்த கேம், காசு கிடையாது, ரேம் கம்மியா இருக்குற போன்லயும் ஓடும், ஒரு மேட்ச்ல 50 பேர், பத்து நிமிஷத்துல முடிஞ்சிடும். பப்ஜின்னா 100 பேர், மேட்ச் அரை மணி நேரம் இழுக்கும், பழைய போன்ல போட்டா சூடாகி பாதியில நின்னுடும். முதுநகர்ல அப்பாவோட பழைய போனை வாங்கி ஆடுற பையன் ரெண்டையும் ஒப்பிட்டு பாத்து ஒண்ணை தேர்ந்தெடுக்கல, அவன் போன்ல எது ஓடுச்சோ அதை ஆடுனான், அப்புறம் அவன் ஸ்குவாட்ல இருக்குற மத்த மூணு பேரும் அதுலயே இருந்ததால அங்கயே இருந்துட்டான். சின்ன போனை மனசுல வெச்சு ஒரு கேமை செதுக்குறது பெரிய திறமை, அதை நான் மதிக்கிறேன். ஆனா எத்தனை பேர் ஆடுறாங்கங்கிற நம்பர் அந்த கேம் எவ்ளோ தூரம் போய் சேர்ந்துச்சுன்னுதான் சொல்லும், எவ்ளோ நல்லா இருக்குன்னு சொல்லாது.

அப்போ எங்க செட்ல ஒருத்தன் சொல்றானே, ஃபேமஸ் ஆனாலே அது குப்பைன்னு. அது கரெக்டா?

இல்லவே இல்ல. இது முதல் தப்போட கூடப்பிறந்த தப்பு. கூட்டத்தை பாத்து நல்லதுன்னு சொல்றவனும் கூட்டத்தை பாத்து குப்பைன்னு சொல்றவனும் கேமை பாக்கல, ரெண்டு பேருமே கூட்டத்தைத்தான் பாக்குறாங்க.

டெட்ரிஸை எடுத்துக்கோ, 1980கள்ல மாஸ்கோவுல அலெக்ஸி பஜிட்னோவ் எழுதுனது, இன்னிக்கு வரைக்கும் அதுல ஒரு விதியை கூட்டவோ குறைக்கவோ யோசிக்கணும், அவ்ளோ கச்சிதம். மைன்கிராஃப்ட் 2023லயே 30 கோடி காப்பி தாண்டிடுச்சு, அதை குப்பைன்னு சொல்றவன் அதுல ரெட்ஸ்டோன்னு மின்சாரம் மாதிரி வேலை செய்யுற கல்லை வெச்சு ஒரு கதவு கூட திறந்து பாத்திருக்க மாட்டான். ஜிடிஏ 5 வந்தது 2013ல, மூணே நாள்ல 100 கோடி டாலர் வசூல், இப்போ 20 கோடி காப்பிக்கு மேல போயிடுச்சு, அந்த ஊரை அவ்ளோ நுணுக்கமா கட்டுனவங்க உழைப்பை எப்படி இல்லைன்னு சொல்றது?

எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம் ஃப்ரம்சாஃப்ட்வேர்ங்கிற ஜப்பான் கேம் கம்பெனி. 2009ல டீமன்ஸ் சோல்ஸ்னு ஒரு கேம் ஜப்பான்ல விட்டாங்க, பயங்கர கஷ்டம், செத்து செத்து ஆடணும். சோனியே வெளிநாட்டுல இது விக்காதுன்னு ஒதுங்கிட்டாங்க, அமெரிக்காவுல அட்லஸ்னு வேற கம்பெனிதான் எடுத்து விட்டுச்சு. அதே ஆளுங்க 2022 பிப்ரவரியில எல்டன் ரிங் விட்டப்போ மூணு வாரத்துக்குள்ள 1.2 கோடி காப்பி போச்சு. நடுவுல என்ன மாறுச்சு? கஷ்டத்தை குறைச்சுட்டாங்களான்னா இல்ல. ஆரம்பத்துல வர்ற மார்கிட்டையே பாரு, கோட்டை வாசல்ல நிப்பான், தடியை தூக்குவான், நீ பயந்து உருளுவ, அவன் அடிக்காம தூக்குன கையை அப்படியே நிறுத்தி வெச்சு நீ எழுந்திரிக்கிற நேரம் பாத்து போடுவான். பதட்டப்படுறவனை பாத்து அடிக்கிற மாதிரி செஞ்சிருக்காங்க. மாத்துனது என்னன்னா, அவன்கிட்ட முடியலையா, குதிரையை எடுத்துட்டு வேற பக்கம் போ, நாலு குகை பாரு, லெவல் ஏத்திட்டு திரும்பி வா. முன்னாடி மூடியிருந்த இடத்துல ஒரு பெரிய திறந்தவெளி. கேமோட உயிரை விக்காம வாசலை மட்டும் அகலமாக்குனாங்க, கூட்டம் தானா உள்ள வந்துச்சு.

நல்ல கேம் ஏன் ப்ரோ ஃப்ளாப் ஆகுது?

பல நேரம் கேமுக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. ஈஏ கம்பெனி விட்ட டைட்டன்ஃபால் 2ங்கிற துப்பாக்கி சண்டை கேம் வந்த தேதி 2016 அக்டோபர் 28. அதுக்கு ஒரு வாரம் முன்னாடி அதே ஈஏ கம்பெனியோட பேட்டில்ஃபீல்ட் 1, ஒரு வாரம் கழிச்சு கால் ஆஃப் டூட்டி. தீபாவளிக்கு ரெண்டு பெரிய ஸ்டார் படத்துக்கு நடுவுல ஒரு நல்ல படம் மாட்டுன கதைதான். அந்த கேம்ல ஒரு லெவல் இருக்கு, கையில ஒரு கருவி, ஒரு பட்டனை தட்டுனா இடிஞ்சு கிடக்குற அதே கட்டடம் பழைய காலத்துக்கு மாறி விளக்கெல்லாம் எரியும், ஆளுங்க நடமாடுவாங்க, திரும்ப தட்டுனா இடிபாடு. செவுத்துல ஓடிட்டே இருக்கும்போது எதிர்ல செவுரு இந்த காலத்துல இல்ல, அந்த காலத்துல இருக்கு, அந்தரத்துல பட்டனை தட்டி அதுல போய் ஒட்டணும். ஆடிட்டு கொஞ்ச நேரம் கன்ட்ரோலரை கீழ வெச்சுட்டு சும்மா உக்காந்துட்டேன், இவ்ளோ நல்ல ஐடியாவை ஒரே லெவல்ல கொடுத்துட்டு அடுத்ததுக்கு போயிட்டாங்களேன்னு. எதிர்பாத்த அளவுக்கு விக்கல.

ஒகாமி 2006ல வந்துச்சு, பிரஷ்ல தீட்டுன ஓவியம் மாதிரியே மொத்த உலகமும், நீயே பிரஷ் எடுத்து வானத்துல வட்டம் போட்டா சூரியன் வரும். விமர்சகர்கள் தூக்கி வெச்சு கொண்டாடுனாங்க, விக்கல, அதை செஞ்ச க்ளோவர் ஸ்டுடியோவை அதோட தாய் கம்பெனி கேப்காம் அடுத்த வருஷத்துக்குள்ள மூடிட்டாங்க. அப்புறம் திரும்ப திரும்ப புது கன்சோல்ல விட்டு, 2024 டிசம்பர்ல அடுத்த பாகமே அறிவிச்சிருக்காங்க. இவ்ளோ வருஷம் தாங்கி நின்னது அந்த ஓவியம்.

இதுக்கு நேர் எதிர் அமங் அஸ். 2018ல வந்தது, ரெண்டு வருஷம் பெருசா யாரும் கண்டுக்கல, 2020ல எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தப்போ ஸ்ட்ரீமர்ஸ் எடுத்து ஆடவும் உலகம் பூரா பரவிடுச்சு. ஃப்ளாப்பா இருந்தப்போ இருந்த கேம்தான் ஹிட் ஆனப்பவும் இருந்துச்சு. தரத்துக்கும் கூட்டத்துக்கும் எவ்ளோ தூரம்னு புரிய இது ஒண்ணு போதும்.

மெட்டாக்ரிட்டிக் மார்க் பாத்து வாங்கலாமா?

பல விமர்சகருங்க போட்ட மார்க்கை சேர்த்து ஒரே சராசரியா காட்டுற சைட் அது. பாரு, ஆனா அதை மட்டும் நம்பாத. ஃபால்அவுட் நியூ வேகாஸ் கதை தெரியுமா? 2010ல வந்தது, அப்சிடியன்ங்கிற டீம் சுமார் ஒன்றரை வருஷத்துல செஞ்சு முடிச்சாங்க. மெட்டாக்ரிட்டிக்ல 85 வந்தா போனஸ்னு ஒப்பந்தம், வந்தது 84. ஒரு மார்க்ல போச்சு. வந்த புதுசுல பக், அதாவது கோடிங் பிழை, நிறைய இருந்துச்சு, அதனால மார்க் குறைஞ்சது நியாயம்தான், ஆனா இன்னிக்கு அந்த சீரிஸ்லயே எது பெஸ்ட்டுன்னு கேட்டா நிறைய பேர் அதைத்தான் சொல்றாங்க, ஏன்னா நீ எடுக்குற முடிவுக்கு அந்த பாலைவனம் பூரா பதில் சொல்லும். ரிலீஸ் நேரத்துல அவசரமா ஆடி எழுதுற மார்க்ல அது முழுசா தெரியாது.

நான் பண்றது என்னன்னா கம்ப்யூட்டர் கேம் விக்குற ஸ்டீம்ங்கிற ஆன்லைன் கடையில நெகட்டிவ் ரிவ்யூவை மட்டும் எடுத்து, அதுலயும் நிறைய மணி நேரம் ஆடுனவன் எழுதுனதை படிப்பேன். நூறு மணி நேரம் ஆடிட்டு ஒருத்தன் குறை சொல்றான்னா அவனுக்கு அந்த கேமோட நாடி தெரியும்.

ரேட்டிங் எல்லாம் விடுங்க, நானே ஆடிப் பாத்து கண்டுபிடிக்கிறது எப்படி?

இதுதான் சரியான கேள்வி. அரை மணி நேரம் ஆடு. செத்தா ஏன் செத்தேன்னு உனக்கு தெரியுதா? நல்ல கேம்ல தப்பு உன் கையிலதான் இருந்துச்சுன்னு அந்த நொடியே தெரியும், கோவம் வராது, இன்னொரு தடவை போலாம்னு தோணும். செலஸ்ட்னு ஒரு மலை ஏறுற கேம், 2018ல வந்தது, அதுல அந்த பொண்ணு மேடலின் முடி சிவப்பா இருந்தா அந்தரத்துல ஒரு தடவை பாயலாம், பாஞ்சுட்டா முடி நீலமாயிடும், தரையில கால் வெச்சதும் திரும்ப சிவப்பு. மூலையில மீட்டர் கிடையாது, நம்பர் கிடையாது, உன் கண்ணு எங்க இருக்கோ அங்கயே தகவல். செத்தா கண்ணு மூடி திறக்குறதுக்குள்ள அதே திரையோட ஆரம்பத்துல நிப்ப. செஞ்சவங்க உன் நேரத்தை மதிக்கிறாங்கன்னு அர்த்தம்.

இன்னொண்ணு, ஒரு வாரம் ஆடுன பிறகு முன்னேறுனது நீயா இல்ல உன் துப்பாக்கியோட நம்பரான்னு பாரு. புது ஐடியில முதல்ல இருந்து ஆரம்பிச்சா போன தடவை தடுமாறுன இடத்தை சுலபமா தாண்டுறியா? தாண்டுனா அந்த கேம் உனக்கு ஏதோ கத்து கொடுத்திருக்கு. டெய்லி ரிவார்டு, பெட்டி, பட்டாசு சத்தம் எல்லாத்தையும் எடுத்துட்டா அப்பவும் ஆடுவியா? ஆடுவேன்னா அது ஒரு கோடி பேர் ஆடுனாலும் சரி, ஊருக்கே நீ ஒருத்தன் ஆடுனாலும் சரி, நல்ல கேம்.

ஃப்ரீ கேம் எல்லாமே ஏமாத்து வேலையா?

எல்லாமே இல்ல. டோட்டா 2 ஃப்ரீதான், எல்லா ஹீரோவும் முதல் நாள்ல இருந்தே உன்னோடது, காசு வாங்குறது டிரெஸ்ஸுக்கு, அலங்காரத்துக்கு. காசு போட்டதால மட்டும் ஒருத்தன் உன்னை ஜெயிக்க முடியாது. கேண்டி க்ரஷ்ல அஞ்சு உயிர், போச்சுன்னா ஒரு உயிர் திரும்ப வர 30 நிமிஷம், இல்லன்னா காசு கொடு, அதுவும் இல்லன்னா ஃப்ரெண்டுகிட்ட கேளு. புதிர் நல்லா யோசிச்சு செஞ்ச புதிர்தான், அதை மறுக்கல, ஆனா அந்த 30 நிமிஷம் உன் சந்தோஷத்துக்காக வெச்சது இல்ல.

பெட்டியை காசு கொடுத்து வாங்கி உள்ள என்ன இருக்குன்னு தெரியாம திறக்குற கேம்கிட்ட மட்டும் தள்ளி நில்லு. 2017ல ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2ல இதை காசு கொடுத்து வாங்குற கேம்லயே வெச்சாங்க, ஆடுறவங்க கொதிச்சு போயிட்டாங்க, 2018ல பெல்ஜியம் இந்த மாதிரி பெட்டிங்க சூதாட்டம்னே சொல்லிடுச்சு.

ரம்மி ஆப்?

அது இந்த பேச்சுலயே வராது. காசு வெச்சு ஆடுற ஆன்லைன் கேமை 2025 ஆகஸ்ட்ல பார்லிமென்ட்ல சட்டம் போட்டே தடை பண்ணிட்டாங்க.

பெரிய பட்ஜெட் கேமை ப்ரீ ஆர்டர் பண்ணலாமா அண்ணா?

ரிலீஸுக்கு முன்னாடியே காசு கட்டி வைக்கிறதா? வேணாம். சைபர்பங்க் 2077, 2020 டிசம்பர் 10 ரிலீஸ், பத்து நாள்ல 1.3 கோடி காப்பி, அந்த பத்து நாளுக்குள்ளயே சோனி தன்னோட ஸ்டோர்ல இருந்து அதை தூக்கிடுச்சு, பழைய பிஎஸ்4ல அந்த அளவுக்கு மோசமா ஓடுச்சு. அப்புறம் 2023 செப்டம்பர்ல 2.0 அப்டேட்டும் ஃபேன்டம் லிபர்ட்டிங்கிற கூடுதல் கதையும் வந்த பிறகு அது வேற கேம், இப்போ தாராளமா வாங்கலாம். முதல் நாள் ஆடுனவன் முழு விலை கொடுத்து உடைஞ்சதை ஆடுனான், பொறுத்தவன் சேல்ல வாங்கி நல்லதை ஆடுறான். நம்ம வீட்டு வருமானத்துல ஒரு கேமுக்கு நாலாயிரம் அஞ்சாயிரம்ங்கிறது சாதாரண காசு இல்ல, அதனால பொறு. ஸ்டீம்ல வாங்குனா 14 நாளுக்குள்ள, ரெண்டு மணி நேரத்துக்கு கம்மியா ஆடியிருந்தா ரீஃபண்ட் கேக்கலாம், வாங்குன அன்னிக்கே ஆடி பாத்துடு.

கிரிக்கெட் 07 ஏன் இன்னும் ஆடுறாங்க?

2006 கடைசியில வந்த கேம், அதுக்கப்புறம் ஈஏ கிரிக்கெட் சீரிஸையே விட்டுட்டாங்க. ஆனா ஆடுறவங்க விடல, புது டீம், புது ஜெர்சி, புது ஸ்டேடியம்னு பேட்ச் போட்டு போட்டு உயிரோட வெச்சிருக்காங்க. கிராஃபிக்ஸ் பாத்தா மூஞ்சியெல்லாம் மெழுகு மாதிரி இருக்கும், ஆனா பந்து பிட்ச் ஆகுறதுக்கும் பேட் வர்றதுக்கும் நடுவுல அந்த டைமிங், கொஞ்சம் முன்னாடி தட்டுனா மிட் ஆஃப்ல கேட்ச், சரியா தட்டுனா அந்த சத்தமே சொல்லிடும் நாலுன்னு. கம்பெனி கைவிட்ட கேமை ஆடுறவன் சுமக்குறான் பாரு, இதை விட பெரிய ரிவ்யூ எவனும் எழுத முடியாது. திருப்பாதிரிப்புலியூர் பக்கம் பிரௌசிங் சென்டர்ல மணிக்கணக்கு போட்டு ஆடுன செட்டு, இன்னிக்கு லேப்டாப்ல வெச்சு ஆடிட்டு இருக்கு.

நம்ம தமிழ்ல கேம் உண்டா? சப்போர்ட் பண்ணணும்னு சொல்றாங்களே?

வெண்பா ஆடுங்க. டொராண்டோவுல இருக்குற விசை கேம்ஸ் 2023 ஜூலையில விட்டது. 1980கள்ல கனடா போன ஒரு தமிழ் குடும்பம், அம்மா வெண்பா, அப்பா பாவலன், பையன் கவின். அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டு கிழிஞ்சு அழிஞ்சு போயிருக்கும், அழிஞ்ச இடத்தை நாமதான் யோசிச்சு நிரப்பி சமைக்கணும். இட்லி பானையில தட்டு அடுக்குறது ஒரு புதிர், குழிக்கு நேரா குழி வந்தா ஆவி ஏறாது, மாத்தி வைக்கணும். நம்ம வீட்டுல ஆயா பாக்காமயே கை போக்குல வைக்கிறதை கேம் ஆடுறவன் யோசிச்சு வைக்கிறான். எங்கயோ வெள்ளைக்கார பையன் ஒருத்தன் அந்த தட்டை திருப்பி திருப்பி வெச்சு பாக்குறதை வீடியோவுல பாத்தப்போ எனக்கு தொண்டை அடைச்சுது. 2024ல இன்டிபெண்டன்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவல்ல பெரிய பரிசும், பிரிட்டன்ல கொடுக்குற பாஃப்டாவுல அறிமுக கேம் விருதும் வாங்குச்சு. ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிடும், இதுக்கா இவ்ளோ விலைன்னு சில பேர் கேக்குறாங்க, நீளத்தை வெச்சு விலை போடுறது எனக்கு உடன்பாடு இல்ல, நாப்பது மணி நேரம் இழுத்து ஒண்ணுமே மனசுல நிக்காத கேம் எத்தனையோ இருக்கு.

புனேல செஞ்ச ராஜிங்கிற கேமும் இருக்கு, 2020ல வந்தது, சுவர் ஓவியமும் கட்டடமும் கண்ணுல ஒத்திக்கலாம், சண்டை சுமார்தான். நம்ம ஆளுங்க செஞ்சதுங்கிறதுக்காக சண்டையும் சூப்பர்னு நான் சொல்ல மாட்டேன். குறையை சொன்னாத்தான் அடுத்தது நல்லா வரும்.

என்கிட்ட சாதா போன்தான் இருக்கு, நல்ல கேமெல்லாம் பணக்காரனுக்குத்தானா?

இல்லப்பா. வேம்பயர் சர்வைவர்ஸ் 2023ல பாஃப்டா பெஸ்ட் கேம் விருது வாங்குச்சு, எல்டன் ரிங், காட் ஆஃப் வார் எல்லாம் போட்டியில இருந்தப்போ. அதை போன்ல ஃப்ரீயா ஆடலாம், ஒரு கட்டைவிரல் போதும், சுடுறது தானா நடக்கும், நீ நகரணும், அவ்ளோதான். விளம்பரம் பாக்கணும்னு உன்னை கட்டாயப்படுத்தாது.

காசு கொடுக்க முடியும்னா ஸ்டார்டியூ வேலி. எரிக் பரோன்னு ஒரே ஆளு நாலு வருஷத்துக்கு மேல உக்காந்து படம், இசை, கதை, கோடிங் எல்லாம் தனியா செஞ்சு 2016ல விட்டாரு, 4 கோடி காப்பிக்கு மேல போயிருக்கு. அதுல ஒரு நாள்ங்கிறது சுமார் 14 நிமிஷம், பாண்டி பஸ் ஸ்டாண்டுல ஏறி ஆரம்பிச்சா கடலூர் வர்றதுக்குள்ள ரெண்டு மூணு நாள் விவசாயம் பாத்துடலாம். நெட் வேணாம். 2024 ஃபெஞ்சல் புயலப்போ கரண்டும் டவரும் போய் கிடந்த வீடுகள்ல ஆன்லைன் கேம் எல்லாம் வெறும் ஐகானா இருந்துச்சு, சார்ஜ் இருந்த வரைக்கும் ஓடுனது இந்த மாதிரி ஆஃப்லைன் கேம்தான். போன்ல ஒண்ணாவது அப்படி போட்டு வை.

நான் எல்லாரும் ஆடுறதைத்தான் ஆடுறேன். என்னை கேவலமா பாப்பீங்களா?

ஏன் பாக்கணும்? ராத்திரி பிஜிஎம்ஐல, அதான் இந்தியாவுக்குன்னு வந்த பப்ஜில, நாலு ஃப்ரெண்டும் ஹெட்போன் போட்டு கத்திக்கிட்டு ஆடுறதுல ஒரு சந்தோஷம் இருக்கு, ஒருத்தன் சென்னையில வேலையில இருக்கான், ஒருத்தன் துபாய்ல, அந்த ஒரு மணி நேரம்தான் எல்லாரும் சேர்றது. அந்த சந்தோஷத்துல பாதி உன் ஃப்ரெண்டுங்க கொடுக்குறது, கேம் கொடுக்குறது மீதி. அது தெரிஞ்சு ஆடு, அவ்ளோதான். மாசத்துக்கு ஒரு தடவை யாரும் ஆடாத ஒண்ணையும் எடுத்து பாரு.

தம்பி, என் பையன் எந்நேரமும் போன்லயே இருக்கான், எது நல்ல கேம்னு எனக்கு எப்படிப்பா தெரியும்?

அக்கா, பக்கத்துல உக்காந்து என்னடா பண்ற சொல்லுன்னு கேளுங்க. ஆடுறதை அவன் விளக்கி சொன்னா, இங்க இப்படி மடக்குவேன், அங்க ஒளிஞ்சுப்பேன்னு சொன்னா, அவன் மூளை வேலை செய்யுது. இன்னும் எவ்ளோ டைமண்ட் வேணும், இவென்ட் எப்போ முடியும்னு மட்டும் சொன்னா கொஞ்சம் கவனிக்கணும். சாப்பிட கூப்பிட்டா நிறுத்த முடியுற கேமா, இல்ல நிறுத்துனா தோக்குற கேமான்னு கேட்டு வெச்சுக்குங்க, மேட்ச் முடிய அஞ்சு நிமிஷம் கொடுங்க, பாதியில பிடுங்குனா அவன் டீம்ல இருக்குற மத்த மூணு பேருக்கும் சேர்த்து கோவம் வரும். முக்கியமா உங்க யூபிஐ பின் அவனுக்கு தெரிய வேணாம், ப்ளே ஸ்டோர்ல வாங்கும்போது பாஸ்வேர்டு கேக்குற மாதிரி செட்டிங் போட்டு வைங்க.

பாண்டியில பழைய டிஸ்க் வாங்கலாமா?

வாங்கலாம், டிஸ்க்குல இருக்குற பெரிய வசதியே அதுதான், ஆடி முடிச்சதும் அடுத்தவனுக்கு வித்துடலாம், டிஜிட்டல்ல வாங்குனா அது முடியாது. சண்டே மார்க்கெட்ல கண்ணுல பட்டாலும் சரி, தெரிஞ்சவன்கிட்ட வாங்குனாலும் சரி, டிஸ்க்கை வெளிச்சத்துல சாய்ச்சு கீறல் பாருங்க, பிஎஸ்5 டிஜிட்டல் எடிஷனா இருந்தா தனியா டிரைவ் இல்லாம டிஸ்க் ஓடாது, வாங்குறதுக்கு முன்னாடி உங்ககிட்ட இருக்குறது எதுன்னு பாத்துக்குங்க. டப்பா உள்ள இருக்குற டிஎல்சி கோட், அதாவது கூடுதல் பகுதியை திறக்குற நம்பர், யாராவது ஏற்கனவே போட்டிருப்பாங்க, அதுக்கு சேர்த்து காசு கொடுக்காதீங்க. டைட்டன்ஃபால் 2 பிஎஸ்4 டிஸ்க் கிடைச்சா யோசிக்காம எடுங்க, ஆன்லைன் வேணாம், கதை மட்டும் ஆடுங்க.